சாணக்கியர் சொன்னதாக வரும் வரிகள்: எங்கே தேடிச் சரிபார்ப்பது?

கேள்வி: எம்பிஏ படிக்கிறேன். ‘சாணக்கியரும் இன்றைய நிர்வாகமும்’ என்று கருத்தரங்கில் 20 நிமிடம் பேச வேண்டும். சமஸ்கிருதம் தெரியாது. “நேராக வளர்ந்த மரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்” என்பது போன்ற வாட்ஸ்அப் வரிகள் கைவசம் நிறைய உண்டு. இவை அர்த்தசாஸ்திரத்தில் எங்கே வருகின்றன? எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: அந்த மரம் அர்த்தசாஸ்திரத்தில் இல்லை. அது ‘சாணக்கிய நீதி’ என்ற சுலோகத் தொகுப்பில் வருவது. அப்படிப்பட்ட தொகுப்புகள் பல உண்டு. பிரதிக்குப் பிரதி சுலோகங்கள் மாறும். யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. அர்த்தசாஸ்திரமோ பெரும்பாலும் உரைநடையில் எழுதப்பட்ட ஆட்சிக் கையேடு. 15 அதிகரணங்கள் (பெரும்பிரிவுகள்), 150 அத்தியாயங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்த ஓலைச்சுவடியைப் படித்து, ஆர். சாமசாஸ்திரி 1909இல் அச்சேற்றினார். அதுவரை ஊரறிந்த சாணக்கியர் நீதிச் சுலோகத்துச் சாணக்கியர்தான். நீதிச் சுலோகத்துச் சாணக்கியரும் அர்த்தசாஸ்திரத்துச் சாணக்கியரும் இன்னும் கலந்தே கிடக்கிறார்கள்.

சரிபார்க்க எளிய வழி, முகவரி கேட்பதுதான். அதிகரணம், அத்தியாயம், சூத்திரம் என்று மூன்று எண்கள் இருக்க வேண்டும். குடிகளின் இன்பத்தில்தான் அரசனின் இன்பம் என்ற புகழ்பெற்ற வரிக்கு 1.19.34 என்ற முகவரி உண்டு; தைரியமாகச் சொல்லலாம். தண்ணீருக்குள் திரியும் மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அதிகாரி பணம் தின்பதும் அப்படித்தான் என்பது 2.9.33. எண் தராமல் ‘சாணக்கியர் சொன்னார்’ என்று மட்டும் வந்தால், முகவரி கிடைக்கும்வரை மேடையில் சொல்லாதீர்கள்.

புத்தகம்? எண்கள் ஆர்.பி. காங்கிளே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த பதிப்பின்படி அமைந்தவை. அதன் இரண்டாம் பாகம் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதுவே போதும். எல்.என். ரங்கராஜனின் பெங்குவின் பதிப்பு (1992) படிக்கச் சுலபம். ஆனால் அவர் நூலைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கியிருக்கிறார், மூல வரிசை கிடைக்காது. பத்திகளின் முடிவில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் மொழிபெயர்ப்பு நூலகங்களில் கிடைக்கலாம். நடை கொஞ்சம் கடினம்.

முழுவதும் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. முதல் அதிகரணத்தின் பத்தாம் அத்தியாயத்தை மட்டும் ஊன்றிப் படியுங்கள், பேச்சுக்கு அதுவே தாராளம். அமைச்சர்களை அரசன் ரகசியமாகச் சோதிக்கும் நான்கு வழிகள் அதில் இருக்கின்றன. பதவி பறிக்கப்பட்டவர் போல நடிக்கும் புரோகிதர், ‘இந்த அரசன் அதர்மி, வேறொருவரை உட்காரவைப்போம்’ என்று ரகசியமாகத் தூது விடுவார். அது அறத்தின் பெயரால் வரும் சோதனை. சேனாபதி வழியாகப் பண ஆசை. பட்டத்தரசிக்கு உங்கள்மேல் விருப்பம் என்று துறவிப் பெண் கொண்டுவரும் சேதி. கடைசியில், எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டு உயிர்ப் பயத்தைக் கிளப்பும் சோதனை.

இதைவிட ருசியானது அடுத்த படி. அறச் சோதனையில் தேறியவருக்கு நீதிமன்ற வேலை. பணச் சோதனையில் தேறியவருக்கு வரிவசூலும் கருவூலமும். காமச் சோதனையில் தேறியவருக்கு அந்தப்புரம் சார்ந்த பொறுப்பு. பயத்துக்கு அசையாதவருக்கு அரசனின் அருகில் இருக்கும் வேலை. நான்கிலும் தேறினால் மந்திரி, எதிலும் தேறாதவருக்குச் சுரங்கமும் யானைக்காடும். ஆளை மொத்தமாக நல்லவன், கெட்டவன் என்று பிரிக்காமல் எந்தச் சபலம் எந்த நாற்காலிக்கு ஆபத்து என்று பார்க்கிறது நூல். இன்றைய மனிதவளத் துறையோடு ஒப்பிட விரும்பினால் இங்கே ஒப்பிடுங்கள். அப்புறம், அதே அத்தியாயத்தில் கௌடில்யர் (நூலாசிரியராகச் சொல்லப்படும் சாணக்கியரின் இன்னொரு பெயர்) ஒரு தடை போடுகிறார்: முன்னோர் சொன்ன இம்முறையில் அரசனையும் அரசியையும் தூண்டிலில் மாட்டாதீர்கள், கெடாத மனத்தைச் சோதித்தே கெடுத்துவிடாதீர்கள் என்கிறார். பேச்சாளர்கள் பொதுவாக இதை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ் அவைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து தேறப் படும்’ என்ற குறளும் (501) இதே நான்கைத்தான் சொல்கிறது. பரிமேலழகர் உரையில் நான்கு உபதைகளும் (ரகசியச் சோதனைகளும்) விரிவாக வருகின்றன. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ (381) என்ற ஆறோடு அரசனையும் சேர்த்தால் அர்த்தசாஸ்திரத்தின் ஏழு உறுப்புகள். யார் யாரிடம் எடுத்தார்கள் என்ற சண்டைக்குள் மட்டும் போகாதீர்கள், 20 நிமிடமும் அதிலேயே போய்விடும்.

காலத்தைச் சொல்லும்போதும் கவனம். ‘சந்திரகுப்த மௌரியருக்காக எழுதியது’ என்று அடித்துச் சொல்ல வேண்டாம். நூலில் சந்திரகுப்தர் பெயரும் இல்லை, பாடலிபுத்திரமும் இல்லை. ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் 1971இல் சொற்களை எண்ணிப் பார்த்து, பல கைகள் எழுதியது என்றார். இன்னொரு ஆய்வாளர் பேட்ரிக் ஒலிவெல் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் வைக்கிறார். மௌரியர் காலம் என்பவர்களும் இருக்கிறார்கள். ‘சுமார் 2000 ஆண்டு பழையது’ என்றால் யாரும் எழுந்து மறுக்க மாட்டார்கள்.

சுக்கிரநீதி என்ற ஆட்சி நூலையும் ‘பண்டைய நூல்’ பட்டியலில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் துப்பாக்கியும் வெடிமருந்தும் வருகின்றன. இப்போதிருக்கும் வடிவம் 19ஆம் நூற்றாண்டினது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த இடத்தில் அர்த்தசாஸ்திரத்தின் வழியில் வந்த பழைய ஆட்சி நூலான காமந்தகரின் நீதிசாரத்தை வையுங்கள்.