ஓடாவி "இது நிக்காது" என்று சொன்னால் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தளபாட வடிவமைப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: தான் கணினியில் வரைந்த சாப்பாட்டு மேசையை மரவேலை செய்யும் ஓடாவி ஒருவரிடம் கொண்டுபோனபோது, "பார்க்க வடிவாயிருக்கு, ஆனா நிக்காது" என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மரம், மூட்டு ஆகியவற்றின் நுணுக்கங்களை எங்கிருந்து தொடங்கிக் கற்பது என்பது அவருடைய கேள்வி.

நீங்கள் முதலில் வெளித்தோற்றத்தை வரைந்து, கால் எவ்வளவு மெல்லியதாக இருந்தால் அழகு என்று முடிவுசெய்து, மரத்தின் பெயரைக் கடைசியில் நிரப்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. திருகோணமலையில் அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்த நானும், கொழும்பில் வரைகலை படித்துவிட்டு வந்து அப்படித்தான் வேலையைத் தொடங்கினேன். என் பதில் இதுதான்: மூட்டுகளின் பெயர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதற்கு முன், நீங்கள் பயன்படுத்தும் மரம் எந்தத் திசையில் எவ்வளவு விரிந்து சுருங்கும் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். மூட்டுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சிக்கலுக்காகவும், சாயும் மனிதரின் பாரத்துக்காகவும் கண்டுபிடிக்கப்பட்டவையே.

2012ஆம் ஆண்டு மார்கழி மாதம், என் அக்காவின் திருமணத்துக்காக நானே வரைந்து, நானே முன்னின்று ஒரு மேசை செய்தேன். நீளம் 1800 மில்லிமீற்றர், அகலம் 900. 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு தேக்கம் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மேற்பலகை செய்தோம். அதைக் கீழே உள்ள நான்கு சட்டங்களின் மேலும் பசை பூசி அமர்த்தி, போதாததற்குச் சட்டங்களின் உட்புறத்திலிருந்து திருகாணிகளும் ஏற்றினேன். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதி என்று நான் முழுமையாக நம்பியிருந்தேன். மழைக்காலம் என்பதால் பட்டறையின் கதவு நிலைகள்கூட ஊதிப்போய் இறுகியிருந்த நாட்கள் அவை. அந்த ஈரம் பலகைக்குள்ளும் இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று மூன்று வாரங்களாக விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அக்காவின் வீட்டில் துவக்கு வெடித்தது போன்ற ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே விதமாகத்தான் திடுக்கிடுவோம். அயலவர்களும் ஓடிவந்து பார்த்தபோது, மேசையின் ஒரு முனையிலிருந்து இழையோடு சேர்ந்து 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மேற்பலகை பிளந்திருந்தது. விளிம்பில் சுண்டுவிரலின் நகம் நுழையுமளவு வெடிப்பு. அக்கா ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் துணி விரித்துவிட்டார். அந்தத் துணியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் பட்டறையில் அப்பாவின் காலத்திலிருந்து வேலை செய்த மூத்த ஓடாவி ஒருவரை நாங்கள் பெரியப்பா என்றே அழைப்போம். அவர் மேசையின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "பலகையை இறுக்கிக் கட்டிப்போட்டிருக்கிறாய் பிள்ளை. கச்சானுக்கு அது எங்கை போறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னை அம்மம்மாவின் வீட்டுக்கு அழைத்துச் சென்று, பலாப்பலகையில் செய்த அம்மம்மாவின் பழைய மேசையின் அடியைக் காட்டினார். அங்கே சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே பசையும் இல்லை, சட்டத்திலிருந்து பலகைக்குள் ஏறிய ஆணியும் இல்லை. சட்டங்களின் உட்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. நாக்கு வைத்த சிறு மரக்கட்டைகள் பலகையோடு பொருத்தப்பட்டு, அந்த நாக்குகள் பள்ளத்துக்குள் நுழைந்து, பலகையை மேலெழ விடாமல் பிடித்திருந்தன. மேசையின் அகலத்தில் ஓடும் குறுக்குச் சட்டங்களின் பள்ளத்தில், நாக்குகள் ஆண்டுக்காண்டு வந்துபோன இடம் உரசி வழவழத்து, ஒரு கோடாக மினுங்கியது. ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்தப் பலகை நகர்ந்த தடம் அது. நான் வடிவமைப்புப் படிப்பில் கற்றவற்றையெல்லாம் விட அந்தக் கோடு எனக்கு அதிகம் கற்பித்தது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

கணக்கு இப்படிப் போகிறது. மரம் இழையின் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை; இழைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்குகிறது. அதிலும் ஆண்டு வளையங்களின் வளைவோடு செல்லும் திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சை மரம் முற்றாக உலரும்போது தேக்கு வளையத் திசையில் ஏறத்தாழ 5.8 சதவீதம் சுருங்கும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குவதால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போதெல்லாம் அகலம் 0.19 சதவீதம் அளவில் மாறுகிறது. மாரிக்கும் கச்சானுக்கும் இடையே பலகையின் ஈரம் நான்கு சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 900 மில்லிமீற்றர் அகலம் 7 மில்லிமீற்றர் அளவில் மாறும். தேக்கு அமைதியான மரம்; வேறு பல மரங்களில் இது இன்னும் கூடும். குறுக்குச் சட்டமோ தன் நீளத்தில் மாறாமல் அப்படியே நிற்கிறது. அந்த 7 மில்லிமீற்றருக்கு நீங்கள் இடம் வைக்காவிட்டால், பலகை தானே வெடித்து இடம் எடுத்துக்கொள்ளும்.

வெடித்த மேசையைப் பிரித்து, பிளவோடு சேர்த்து அறுத்து மீண்டும் ஒட்டி, பெரியப்பாவின் முறையில் பன்னிரண்டு நாக்குக் கட்டைகள் வைத்தோம். குறுக்குச் சட்டங்களின் நடுவில் மட்டும் ஒவ்வொரு திருகாணி ஏற்றினோம். அதனால் பலகை இரு பக்கமும் சமமாக நகரும். அதன் பிறகு நான் ஆண்டுக்கு இரு முறை அளந்து, பலகையின் அடியில் பென்சிலால் எழுதிவருகிறேன். மார்கழியில் 903, ஆடியில் 897. கணக்கும் மரமும் இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

காலும் சட்டமும் சேரும் இடத்துக்கு வருவோம், ஏனெனில் உங்கள் ஓடாவி நிற்காது என்று சொன்னது பெரும்பாலும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் இருக்கும். காலில் வெட்டும் துளையைப் பொளி என்றும், சட்டத்தின் முனையில் அதற்குள் செல்லும் பகுதியைக் கழுந்து என்றும் சொல்வோம். சட்டத்தின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு கழுந்துக்கு என்பது பழைய அளவு. 30 மில்லிமீற்றர் சட்டத்துக்கு 10 மில்லிமீற்றர் கழுந்து. கழுந்தின் இரு பக்க முகங்களிலும் இழையின் பக்கவாட்டு முகங்களே ஒன்றோடொன்று சேர்வதால் அங்கே பசை பிடிக்கும். இழை குறுக்கே அறுபட்ட வெட்டுமுனையில் பூசிய பசை உறிஞ்சப்பட்டுப் பயனற்றுப் போகும். அதனால்தான் சட்டத்தின் முனையை வெறுமனே காலோடு ஒட்டித் திருகாணி ஏற்றிய மேசைகள் இரண்டு ஆண்டுகளில் ஆடத் தொடங்குகின்றன. பொளி வெட்டும்போது காலின் உச்சியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மரத்தைக் கூடுதலாக விட்டுவைத்து, மூட்டுச் சேர்த்த பிறகு அறுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உளி அடிக்கும்போதே உச்சி பிளந்துவிடும். இந்தக் கூடுதல் மரம் முடிந்த மேசையில் தெரியாது. ஆனால் மரம் வாங்கும் கணக்கில் அது இல்லாவிட்டால் வேலை முதல் நாளே நின்றுவிடும்.

கதிரையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு விருந்தினர் விடுதி 24 கதிரைகள் செய்யும்படி கேட்டது. வரைபடம் வெளியிலிருந்து வந்தது. பின்கால் 28 மில்லிமீற்றர் சதுரம், பக்கச் சட்டத்தின் உயரம் 40 மில்லிமீற்றர், கால்களுக்கு இடையே கீழ்ச்சட்டம் எதுவும் இல்லை. மனிதர் கதிரையில் நேராக மட்டும் அமர்வதில்லை. சாப்பிட்ட பின் பின்னோக்கிச் சாய்ந்து, முன்கால்கள் இரண்டையும் தூக்குவார்கள். அப்போது முழுப் பாரமும் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் மூட்டைத் திறக்கப் பார்க்கிறது. சட்டத்தின் உயரத்தை 40இலிருந்து 65 ஆக்கினால், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் தூரம் கூடி, அதே சாய்வுக்கு மூட்டுத் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். அதோடு, 28 மில்லிமீற்றர் காலில் 10 மில்லிமீற்றர் பொளி வெட்டினால் இரு பக்கமும் ஒன்பது ஒன்பதுதான் எஞ்சும். இதையெல்லாம் எழுதி, மாற்றிய வரைபடத்தோடு அனுப்பினேன். வடிவம் மாறக்கூடாது என்று பதில் வந்தது. செய்துகொடுத்தோம். எட்டு மாதத்தில் ஒன்பது கதிரைகள் தளர்ந்தன. பழி பட்டறையின் மேல் விழுந்தது, பணத்தில் மூன்றிலொரு பங்கு இன்றுவரை வரவில்லை. கடற்காற்றில் இரும்புத் திருகாணி போடக்கூடாது, பித்தளையோ 316 வகைத் துருப்பிடியா உருக்கோ வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் செலவைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. செய்பவர் எழுத்தில் எச்சரித்த பிறகும் குற்றம் அவருடையதே என்று முடிவுசெய்யும் வழக்கம் எங்கள் தொழிலில் எத்தனையோ நல்ல ஓடாவிகளை வீட்டுக் கூரை வேலைக்குத் திருப்பிவிட்டது. வடிவமைக்கப் போகும் நீங்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

பிளைவூட் பாவித்தால் இந்தச் சுருக்கக் கணக்கு எதுவும் வேண்டாமே என்று சிலர் கீழே எழுதக்கூடும். அது உண்மையில் பாதி. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் பிளைவூட் அகலத்தில் மிகக் குறைவாகவே மாறும். அலுமாரியின் பின்பலகைக்கும், இழுப்பறையான லாச்சியின் அடிப்பலகைக்கும் நானும் அதையே பாவிக்கிறேன். ஆனால் அதன் விளிம்பில் ஏற்றிய திருகாணி கனமான இழுப்பைத் தாங்காது, விளிம்பை மூட மரப்பட்டி ஒட்ட வேண்டும், பட்டி எங்கே முடிகிறது என்பதும் ஒரு நுணுக்கமே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்வேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வீடுகளுக்குக் கிடைத்த அலுமாரிகளில் அந்தப் பலகையில் செய்தவை, அடுத்தடுத்த மழைகளில் அடிப்பக்கம் ஊதி உதிர்ந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். கொடுத்தவர்களின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஈரத்தரையில் நிற்கப்போகும் பொருளுக்கு அந்தப் பலகையைத் தெரிந்தெடுத்ததுதான் பிழை.

லாச்சி ஒரு தனிப் பாடம். கச்சான் காலத்தில் விரல் வழுக்குமளவு சரியாகப் பொருத்திய லாச்சி, மாரியில் இழுக்க வராது. 150 மில்லிமீற்றர் உயரமுள்ள பக்கப்பலகை, மேலே சொன்ன கணக்குப்படி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் உயரும். ஆகவே வறட்சியில் பொருத்தும் லாச்சிக்கு மேலே 1.5 மில்லிமீற்றர் இடைவெளி விடுகிறோம், மாரியில் பொருத்துவதற்கு அரை மில்லிமீற்றர் போதும். வரைபடத்தில் இடைவெளியோடு மாதத்தையும் எழுதும் பழக்கம் எங்கள் பட்டறையில் இதனால்தான் வந்தது. அகலத்தைவிட ஆழம் கூடிய லாச்சி கோணாமல் ஓடும். ஓடும் பலகையில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் போதும்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். அதன் ஒரு மூலையை மட்டும், காலும் இரண்டு சட்டங்களும் மேற்பலகையும் சேரும் இடத்தை, பழைய பிளைவூட் துண்டொன்றில் உண்மையான அளவிலேயே பென்சிலால் வரையுங்கள். இரு பக்கமிருந்தும் வரும் கழுந்துகள் காலுக்குள் எங்கே சந்திக்கின்றன, சந்தித்த பின் காலில் எவ்வளவு மரம் மிஞ்சுகிறது என்பதைக் கோடிட்டுக் காட்டுங்கள். மேசை உயரம் 750, பலகை 25, சட்டம் 90 என்றால் தரையிலிருந்து சட்டத்தின் அடிவரை 635 இருக்கிறது. 440 உயரக் கதிரையில் அமர்பவருக்கு அது போதும், சட்டத்தை 120 ஆக்கினால் இடிக்கத் தொடங்கும். மேற்பலகையின் அகலத்தை இரண்டு எண்களாக எழுதுங்கள், ஒன்று மாரிக்கு, ஒன்று கச்சானுக்கு. அந்தப் பிளைவூட் துண்டைத் தூக்கிக்கொண்டு அதே ஓடாவியிடம் போய், எது நிற்காது என்று கேட்காமல், எந்த இடத்தில் நிற்காது என்று கேளுங்கள். பென்சிலையும் அவர் கையில் கொடுங்கள்.