டயலில் ‘ஆன்டிமேக்னெட்டிக்’ என்று இருந்தால் போதுமா? பினாங்கு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

காந்தத்தைத் தாங்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா கட்டிய சுவிஸ் கடிகாரம் என்னிடம் இருக்கிறது. டயலில் ‘ஆன்டிமேக்னெட்டிக்’ என்று போட்டிருக்கிறது. அபூர்வமானது என்கிறார் ஒரு கடைக்காரர். உண்மையா?

தம்பி, அந்தச் சொல்லை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். 1930இல் சுவிஸ் நிறுவனமான டிசோ அப்படி ஒரு கைக்கடிகாரத்தைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தபோது அது புதுமைதான். 1950களுக்குள் சாதாரண கடிகாரங்களிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. கடிகாரத்தின் வேகத்தைக் காக்கும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கை காந்தம் எளிதில் பிடிக்காத கலவையில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் பொருள். நிக்கல்-எஃகுக் கலவைகளை ஆராய்ந்து இதற்கு வழி திறந்தவர் சுவிஸ் இயற்பியலாளர் கியோம். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். காந்தம் தாங்கும் கடிகாரங்களுக்கான இன்றைய சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 764 கேட்பதே மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது சுமார் 60 காஸ்தான் (காஸ் என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). கைப்பையின் காந்தப் பூட்டை ஒட்டி வைத்தால் அந்த அளவு தாண்டிவிடும். உங்களுடையது அபூர்வம் இல்லை, ஆனாலும் தாத்தா கட்டியது. விற்காதீர்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தங்கை: நன்றாக ஓடிய கடிகாரம் திடீரென்று ஒரே நாளில் 20 நிமிடம் முந்திப்போகிறது அண்ணா. சர்வீஸுக்கு 350 வெள்ளி கேட்கிறார்கள்.

பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். திடீரென்று இவ்வளவு வேகம் என்றால் முதலில் காந்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதோடு இணைந்த பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். சின்ன திசைகாட்டி ஒன்றை மேசைமேல் வைத்து அதன் பக்கத்தில் கடிகாரத்தைக் கொண்டுபோங்கள். முள் துடிதுடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. (உள்ளே இரும்பு மூடி இருக்கும் கடிகாரத்தில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அந்த இரும்பே முள்ளை இழுக்கும்.)

காந்தம் நீக்கும் சின்னப் பெட்டியை ரிப்பேர்க்காரர் பலர் வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக ஒரு கை தூரம் விலக்கிய பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பெட்டிமேல் இருக்கும்போதே விட்டால் திரும்பவும் காந்தம் ஏறிவிடும். சில நொடி வேலை. அதற்கப்புறமும் முந்தினால் சர்வீஸ் பற்றி யோசிக்கலாம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஓர் ஐயா: அப்படியானால் உண்மையாகவே தாங்கும் கடிகாரங்கள் எவை?

ஐயா, மூவ்மென்ட்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தைச் சுற்றி மென்இரும்புக் கூடு வைத்தவைதான். இரும்பு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. தனக்குள் இழுத்து, மூவ்மென்ட்டைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. பிரிட்டிஷ் விமானப்படைக்காக சுவிஸ் நிறுவனமான ஐடபிள்யூசி செய்த மார்க் 11 இந்த வகை. அதே நிறுவனத்தின் இன்ஜெனியர் 1955இல் வந்தது. அடுத்து ரோலெக்ஸ் மில்காஸ். பிரெஞ்சில் ‘மில்’ என்றால் ஆயிரம், ஆயிரம் காஸ் தாங்கும் என்பதே பெயர். 1957இல் ஒமேகா ரயில்மாஸ்டர். மில்காஸிலும் ரயில்மாஸ்டரிலும் தேதி ஜன்னல் கிடையாது, டயலில் ஓட்டை போட்டால் கூட்டிலும் ஓட்டை விழும். இவற்றின் விலை நம் கைக்கு எட்டாது. மலிவாகக் கிடைக்கும் ரயில்மாஸ்டர் பெரும்பாலும் வேறு ஒமேகாக்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு தம்பி: லோரோங் கூலிட் சந்தையில் இன்ஜெனியர் மாதிரி ஒன்று பார்த்தேன். எதைச் சோதிக்க வேண்டும்?

பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். திறந்ததும் மூவ்மென்ட் கண்ணில் பட்டால், கூட்டின் பின்பகுதியான இரும்பு உள்மூடி தொலைந்திருக்கிறது. அந்த மூடி போனால் காந்தம் தாங்கும் தன்மையும் போச்சு. எனக்கே இது நடந்தது. சர்வீஸுக்குக் கொடுத்த கடிகாரம் உள்மூடி இல்லாமல் திரும்பி வந்தது. “அது தேவையில்லாத தகடு” என்றார் அந்த ரிப்பேர்க்காரர். பல மாதம் தேடியும் பொருந்துகிற மூடி கிடைக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து, கொடுக்கும் முன் உள்ளே படம் எடுத்துக்கொள்கிறேன்.

அதே தம்பி: உள்மூடியில் துரு இருந்தால்?

நம் ஊர் ஈரத்தில் அது சகஜம். லேசான துரு என்றால் மூவ்மென்ட்டிலிருந்து தள்ளிவைத்துத் துடைத்துவிடலாம். நெளிந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். அடிபட்ட மென்இரும்பு தன் தன்மையை இழக்கும், பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவைத்தால்தான் திரும்பும். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம்.