மங்கோலியாவில் 50 நாள் சுற்றப் போகிறேன். மக்களையும் நிலத்தையும் அன்றாட வாழ்க்கையையும் நன்றாகப் படமெடுக்க எப்படித் தயாராவது?

கேட்டவர் ஜூலை முதல் வாரம் உலான்பாதரில் இறங்கி, கோபி பாலைவனம், நடுப் புல்வெளி, மேற்கே பயான் ஒல்கி என்று ஆகஸ்ட் கடைசிவரை சுற்றப் போவதாக எழுதியிருக்கிறார். கையில் ஒரு கேமராவும் நான்கு லென்ஸும் இருக்கின்றன, எதை விட்டுவிட்டுப் போவது என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் பயணத் திட்டத்தைத் திருத்துங்கள், கேமராப் பையை அப்புறம் பார்க்கலாம். 50 நாளில் 30 இடம் என்று ஓடினால் வண்டி நின்ற இடங்களின் படங்கள்தான் மிஞ்சும். ஒரே மேய்ச்சல் குடும்பத்தோடு தொடர்ந்து 3 இரவு தங்குங்கள். அப்படி நான்கைந்து குடும்பம் போதும். முதல் நாள் எல்லாரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். அந்தப் படங்களையும் எடுங்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான். இரண்டாம் நாள் எந்த வேலை எப்போது நடக்கிறது என்று உங்களுக்குப் பிடிபடும். மூன்றாம் நாள் கேமராவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நீங்கள் கேட்கும் அன்றாடம் அன்றைக்குத்தான் படத்தில் வரும்.

குதிரைப் பால் கறப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிகளைத் தரையோடு இழுத்துக்கட்டிய நீளக் கயிற்றில் பகல் முழுக்கக் கட்டிவைத்திருப்பார்கள். அதற்கு ஜெல் என்று பெயர். குட்டி இங்கே இருப்பதால் தாய்க்குதிரைகள் தூரம் போகாது. கோடையில் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கறப்பு நடக்கும். ஒருவர் குட்டியை அவிழ்த்து மடியில் முட்டவிடுவார். பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் பக்கத்திலேயே பிடித்துக்கொள்வார். கறப்பவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றத் தொடைமேல் வாளியைத் தாங்கிக்கொண்டு கறப்பார். ஒரு குதிரைக்குச் சில நிமிடம்கூட ஆகாது. அவசரப்பட்டு எடுத்தால் குதிரையின் வயிறும் யாரோ ஒருவரின் முதுகும்தான் விழும். ஆனால் இதே வேலை, இதே இடத்தில், அன்றைக்கே ஐந்தாறு தடவை நடக்கப்போகிறது. முதல் தடவை கேமராவை எடுக்காமல் பாருங்கள். இரண்டாவது தடவை நிற்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்: குதிரையின் முன்தோள் பக்கம், 2 மீட்டர் தள்ளி, குந்தி உட்கார்ந்தால் கறப்பவரின் முகம், வாளி, குட்டியின் தலை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். குதிரைக்குப் பின்னால் ஒருபோதும் போகாதீர்கள். பால் கம்பிபோல் நீண்டு தெரிய ஷட்டர் வேகம் 1/60 வினாடி, துளித்துளியாக உறைய 1/500. கடைசிக் கறப்பு மாலையில் வரும். சூரியனைக் குதிரைக்குப் பின்னால் வைத்து எடுக்க அதுதான் நேரம்.

இந்த முறையே மற்ற வேலைகளுக்கும் பொருந்தும். கதவோரம் தொங்கும் தோல்பையில் அய்ரக் என்ற குதிரைப் பால் பானம் புளிக்கும், உள்ளே வருகிறவரெல்லாம் மத்தைப் பிடித்து நாலு கடை கடைந்துவிட்டுப் போவார்கள். ஆடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே தலை கோத்துக் கட்டிக் கறப்பார்கள். கூடாரத்தின் கூரைமேல் ஆருல் என்ற தயிர்க்கட்டி காயும்.

இனி வெளிச்சம். கெர் எனப்படும் வட்டக் கூடாரத்துக்கு ஒளி இரண்டே வழியாகத்தான் வரும். ஒன்று தெற்கு பார்த்த கதவு, மற்றது உச்சியில் உள்ள தோனோ என்ற வட்டத் திறப்பு. தோனோ வழியே விழும் வெயில் வட்டம் காலையிலிருந்து சுவரில் நகர்ந்துகொண்டே போகும். அதைப் பார்த்தே நேரம் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. கேமராவுக்கு அந்த வட்டம்தான் பெரிய தொல்லை. அதுவும் சட்டத்துக்குள் இருந்தால் கேமரா அதற்கேற்ப எக்ஸ்போஷரைக் குறைத்து முகங்களைக் கருப்பாக்கிவிடும். ஒரு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தின்மேல் வைத்து எடுங்கள், வெயில் வட்டம் வெளுத்துப்போனால் போகட்டும். லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/125, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை தேவைப்படும். கூரைக் கழிகளும் கதவும் பெரும்பாலும் ஆரஞ்சு வண்ணத்தில் இருப்பதால் தோல்மேல் அந்தச் சாயை படியும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். 5200 கெல்வினில் நிறுத்தி, பிறகு நிறம் திருத்த இடம் தரும் ரா ஃபைலாக எடுத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்துங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், அந்த அறையின் அழகே அந்த ஒற்றை வெளிச்சம்தான்.

நடுப்பகலில் ஒருவரைத் தனியாக எடுக்க வேண்டுமா? தொப்பி நிழல் கண்ணை மறைக்கும். அவரைக் கதவுக்கு உள்பக்கம் இரண்டடி தள்ளி, வெளியே பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். வெளியே வெயிலில் கிடக்கும் தரையிலிருந்து தெறிக்கும் ஒளி தொப்பிக்குக் கீழேயும் போகும். நீங்கள் வெளியே, கதவின் ஓரமாக நின்று எடுங்கள். ஆனால் வாசற்படியை மிதிக்கக் கூடாது, அது அந்த வீட்டையே அவமதிப்பது.

படமெடுப்பவர் அங்கே சறுக்கும் இடங்கள் இன்னும் சில உண்டு. நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே புகுந்து போகக் கூடாது. நல்ல கோணம் தேடும்போதுதான் இது மறந்துபோகும். விருந்தினர் உட்காருவது இடப்பக்கம், அதாவது மேற்கு. கதவுக்கு நேரெதிரே உள்ள வடக்குப் பகுதி ஹோய்மோர். வழிபாட்டுப் பொருள்களும் குடும்பப் படங்களும் வைக்கும் இடம், அழைக்காமல் அங்கே போகாதீர்கள். கிண்ணத்தில் எதைக் கொடுத்தாலும் வலக்கையால் வாங்கி, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்க வேண்டும். அதனால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்குப் பட்டையில் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போங்கள். குனிந்து கிண்ணம் வாங்கும்போது லென்ஸ் போய்ப் பால்தேநீரில் முங்குவது அடிக்கடி நடப்பது.

அனுமதி கேட்க ஒரே ஒரு வரி போதும்: 'ஜுராக் அவ்ச் போலோ ஊ?' படம் எடுக்கலாமா என்று பொருள். நன்றிக்கு 'பயர்லலா'. பிள்ளைகளைப் படமெடுக்கப் பெரியவர்களைக் கேளுங்கள், மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்காதீர்கள். உலான்பாதரின் கந்தன் என்ற பௌத்த மடம் போன்ற இடங்களில் கோயிலுக்குள் படமெடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. பிரார்த்தனை செய்கிறவர்களின் முகத்துக்கு நேரே நீட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

நிலக்காட்சியில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது அகல லென்ஸால். புல்வெளி கண்ணுக்கு எல்லையற்று விரிகிறதே என்று 16 மி.மீ. லென்ஸைப் போட்டால் மலை எறும்புப் புற்றாகச் சுருங்கி, முன்னால் வெறும் புல்தான் பாதிப் படத்தை நிரப்பும். அங்கே வேலை செய்வது 70-300 மி.மீ. லென்ஸ். ஒரு கெர், ஒரு குதிரைவீரர், ஒரு மந்தை எதையாவது சட்டத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக வைத்து, பின்னாலிருக்கும் மலையை லென்ஸால் அருகே இழுங்கள். அப்போதுதான் நிலம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்கு உறைக்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகு, பல கிலோமீட்டர் தள்ளியிருப்பதை 300 மி.மீ.யில் எடுத்தால் கானல் அலையில் விளிம்பெல்லாம் குழைந்துவிடும். லென்ஸில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் சூடான காற்றை ஊடுருவிக் கூர்மையாகக் காட்டாது. காலையில் எடுங்கள், இல்லையென்றால் அருகே போங்கள்.

பொன்னொளி நேரம் அங்கே தாராளம். ஜூலை நடுவில் சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து தொடுவானத்தைத் தொட சென்னையில் ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். 48 டிகிரி வடக்கே உள்ள உலான்பாதரில் 43 நிமிடம். சூரியன் செங்குத்தாக விழாமல் சாய்ந்து இறங்குவதே காரணம். ஆனால் அந்த நேரம் இரவு 8 மணிக்கு மேல்தான் வரும், காலை ஒளியோ 5 மணிக்கே வந்துவிடும். தூக்கத்தை நடுப்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தை முதல் நாளே பேசிவிடுங்கள், இல்லையென்றால் தினமும் நல்ல வெளிச்சத்தில் நீங்கள் சூப் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கோபியில் பயன்சாக் செம்பாறைகள் மாலைக்கு உரியவை. 1923-இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் குழுவினர் டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த இடம் இது. எரியும் பாறைகள் என்ற பெயர் ஏன் என்பது சூரியன் சாயும்போது தெரியும். கோங்கோர் மணல்மேடுகளுக்கு விடியலே சரி. இரவுக் காற்று முந்தின நாள் காலடித் தடங்களை அழித்திருக்கும், பக்கவாட்டு ஒளியில் முகடுகள் கத்திபோல் தெரியும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

விண்மீன்களுக்கு ஆகஸ்ட் அமாவாசையை ஒட்டிக் கோபியில் இருக்கப் பாருங்கள். பால்வழியின் நடுப்பகுதி நம் ஊரில் தொடுவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரம்வரை ஏறும். அங்கே தெற்கில் 17 டிகிரிக்குமேல் ஏறாது. அது குறை இல்லை, கூடாரத்தையும் பால்வழியையும் ஒரே சட்டத்தில் வைக்க அந்தத் தாழ்வுதான் உதவும். ஆகஸ்ட் நடுவில் இரவு 10 மணிக்கே தெற்கில் நிற்கும். 35 மி.மீ., எஃப் 1.8, 8 வினாடி, ஐஎஸ்ஓ 3200-இலிருந்து தொடங்குங்கள். கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துவிடும். விளக்கைத் தணிக்கச் சொல்வதைவிட அவர்கள் தூங்கியபின் எடுப்பதே மரியாதை.

இப்போது பை. நான்கு லென்ஸில் 35 மி.மீ. எஃப் 1.8, 70-300 இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டின் எடைக்குப் பதிலாகப் பழைய, சிறிய இரண்டாவது கேமரா ஒன்றை எடுங்கள். ஒன்றில் 35, மற்றதில் 70-300 மாட்டியபடியே இருக்கட்டும். கோபித் தூசியில் லென்ஸ் மாற்றும் வேலையே வராது, ஒன்று பழுதானாலும் பயணம் நிற்காது. அகலக் கோணம் வேண்டும் என்றால் போனின் 24 மி.மீ. போதும். வானத்தின் நீலத்தைக் கூட்டும் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் வானம் முழுக்க வரும் அகலப் படத்தில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிர் என்று திட்டாக விழும். 70-300-இல் மட்டும் போடுங்கள்.

சென்சாரில் தூசி படிந்ததா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்: எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கெடுத்து, தெளிந்த வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் கரும்புள்ளிகள் தெரியும். ரப்பர் ஊதியால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும், தூசியைவிட அது மோசம். வண்டி அநேகமாக ரஷ்ய உவாஸ் வேன், அங்கே புர்கோன் என்பார்கள். அந்தக் குலுங்கலில் முக்காலித் திருகுகளும் லென்ஸ் வளையத் திருகுகளும் கழன்றுவிடும். பையைத் தரையில் வைக்காமல் மடியிலோ துணிமூட்டைமேலோ வையுங்கள், சிறு திருப்புளி ஒன்று கையில் இருக்கட்டும்.

மின்சாரம் பெரும்பாலான மேய்ச்சல் குடும்பங்களில் சோலார் பலகையும் 12 வோல்ட் பேட்டரியும்தான். அவர்களுக்கு விளக்கும் போனும் டிவியும் ஓடவேண்டும், அதில் உங்கள் பேட்டரிகளைச் சொருகாதீர்கள். வண்டியின் சிகரெட் லைட்டரில் மாட்டும் யுஎஸ்பி-சி சார்ஜர், 4 கேமரா பேட்டரி, 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று. அது 74 வாட் மணி, விமானத்தின் 100 வாட் மணி வரம்புக்குள் அடங்கும், கைப்பையில்தான் போகவேண்டும். இழப்பு போக, 16 வாட் மணி கேமரா பேட்டரியை மூன்று முறை நிரப்பும்.

நாளுக்கு 250 படம், ஒன்று 30 எம்பி என்றால் 50 நாளுக்கு 375 ஜிபி. 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு வாங்குங்கள், ஒன்று பையில், மற்றது எப்போதும் உடம்போடு. இரண்டிலும் ஏறி, திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். பயணத்தில் படம் தொலைந்தவர்களில் பலர் கார்டு கெட்டுத் தொலைத்தவர்கள் அல்ல, 'ஏற்கெனவே ஏற்றிவிட்டேன்' என்று நம்பி அழித்தவர்கள்.

மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடக்கும் தேசிய நாதாம் விழா ஜூலை 11-இல் தொடங்கும். தலைநகரில் அரங்கப் படிக்கட்டிலிருந்து எடுப்பதைவிட, சோம் எனப்படும் சிறு வட்டாரங்களின் நாதாமுக்குப் போங்கள், மல்லர்களுக்குப் பத்தடியில் நிற்கலாம். குதிரைப் பந்தயத்தில் முடிவுக்கோட்டருகே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் புழுதி மட்டும்தான். உறைய வைக்க 1/1000, கேமராவைக் குதிரையோடு திருப்பி எடுக்க 1/40.

பயான் ஒல்கியில் கழுகை வைத்து வேட்டையாடுவோர் கூடும் கழுகு விழா அக்டோபர் முதல் வார இறுதியில். உங்கள் தேதிக்கு அது இல்லை. கோடையில் கழுகுகள் இறகு உதிர்க்கும் காலம், வேட்டையும் கிடையாது. காசு கொடுத்துக் குதிரைமேல் கழுகோடு நிற்கவைத்து எடுக்கலாம், தொகையை முன்பே பேசுங்கள். ஆனால் அங்கே கசாக் குடும்பங்களின் கோடைக் கூடாரங்களே பெரிய விருந்து. நடுக்கம்பம் இல்லாத உயரமான கூடாரம், சுவர் முழுக்கப் பூத்தையல் துணிகள். அங்கே 24 மி.மீ. உண்மையிலேயே தேவைப்படும். நேரம் உலான்பாதரைவிட ஒரு மணி பின்னால், கேமரா கடிகாரத்தை மாற்றுங்கள்.

கடைசியாக, ஒரு உடனடிப் படக் கேமராவும் 60 தாளும் கொண்டுபோங்கள். 5 டிகிரிக்குக் கீழே நிறம் வெளிறும், எடுத்ததும் சட்டைக்குள் வைத்துச் சூட்டில் படம் தெளிய விடுங்கள். விமான நிலையத்தில் தாள்களை எக்ஸ்ரேயில் போடாமல் கையால் சோதிக்கக் கேளுங்கள். நல்ல படங்களை உலான்பாதர் திரும்பியதும் பெரிதாக அச்சிட்டு, குடும்பத்தின் பெயரையும் சோமையும் பின்னால் எழுதி ஓட்டுநரிடம் கொடுங்கள். அவர் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது சேர்த்துவிடுவார். ஹோய்மோரில் உள்ள கண்ணாடிச் சட்டத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அது செருகப்படும்.