ஓவனில் முறுக்கு, ஏர் ஃப்ரையரில் மிக்சர்: தீபாவளிப் பலகாரக் கேள்வி பதில்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்கு எரியத் தொடங்கியதும் எனக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் எண்ணெயைப் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஓவன் குறைப்பது எண்ணெயை மட்டும். மாவு அப்படியேதான் இருக்கும், உப்பும் அப்படியேதான். எல்லாப் பலகாரமும் ஓவனுக்கு ஒத்தும் வராது. அதனால் சிலவற்றுக்கு "செய்யாதீர்கள்" என்றுதான் பதில் வரும், கோபப்படாதீர்கள்.

ஈசூனிலிருந்து: அக்கா, வழக்கமான முறுக்கு மாவையே பிழிந்து ஓவனில் வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது, கடித்தால் கல். என்ன தப்பு?

அந்த மாவு எண்ணெய்க்கென்றே அமைந்த மாவு, அதுதான் காரணம். 180 டிகிரி எண்ணெயில் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடு ஏறும். மாவிலுள்ள தண்ணீர் நீராவியாகப் பீறிட்டு வெளியேறும், உள்ளே குட்டிக் குட்டித் துளைகள் விழும். அந்தத் துளைகளில் எண்ணெய் போய் உட்காரும். மொறுமொறுப்பும் அதனால்தான், எண்ணெய் ஏறுவதும் அதனால்தான். ஓவனில் இருப்பது வெறும் காற்று. சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேல்பக்கம் காய்ந்து இறுகிய பிறகும் உள்ளே ஈரம் இருக்கும், துளையும் சரியாக விழாது. அரிசி மாவு அப்படியே கெட்டிப்பட்டுவிடும்.

அதனால் மாவையே மாற்ற வேண்டும். 200 கிராம் அரிசி மாவுக்கு 100 கிராம் பொட்டுக்கடலை மாவு, 2 மேசைக்கரண்டி வறுத்து அரைத்த உளுந்து மாவு. எல்லாவற்றையும் சலித்து, 60 கிராம் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசறுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். வெண்ணெய் மாவுத் துகளைச் சுற்றிப் படிந்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகாது. அப்புறம்தான் எள், ஓமம், உப்பு, பெருங்காயம். வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். வறுக்கும் மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் பிழியும்போது அறுந்து போகாது.

அச்சில் தடிமனான துளை வேண்டாம். பேக்கிங் தாளில் சின்னச் சின்னதாகப் பிழிந்து, மேலே லேசாக எண்ணெய் தடவி, 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். பாதியில் திருப்பிப் போடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பிறகு சூட்டை 110 டிகிரிக்கு இறக்கி இன்னும் 15 நிமிடம் உலரவிட வேண்டும். பிறகு ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி, முதல் தட்டில் நான்கு மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது. நிறம் இளம்பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மாவுப் பண்டம் அதிகமாகச் சிவந்தால் அக்ரிலமைடு என்ற, உடலுக்கு ஆகாத பொருள் கூடும், ஓவனாக இருந்தாலும் சரி, வாணலியாக இருந்தாலும் சரி.

தோ பாயோவிலிருந்து: எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓவன் இல்லை, ஏர் ஃப்ரையர்தான். பெரிய வித்தியாசம் உண்டா?

ஏர் ஃப்ரையரும் வேகமாக விசிறி சுழலும் குட்டி ஓவன்தான். 10 டிகிரி குறைத்து வையுங்கள், நேரமும் குறையும். இரண்டு விஷயம் மட்டும் கவனம். வெறும் தாளை உள்ளே வைத்துச் சூடு ஏற்றாதீர்கள், காற்றில் பறந்து மேலே சூடாக்கும் கம்பியில் ஒட்டித் தீய்ந்துவிடும். மேலே முறுக்கு இருந்தால் தாள் நகராது. அடுத்தது, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். ஒரு கிலோ மாவுக்கு முறுக்கு சுடுவதென்றால் நாள் பூராவும் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதற்கு மிக்சர் செய்துவிட்டுப் போகலாம்.

செங்காங்கிலிருந்து: அப்படியானால் எதெல்லாம் ஓவனில் நன்றாக வரும்? பட்டியல் போட்டுத் தர முடியுமா?

பட்டியலாக வேண்டாம், காரணத்தோடு சொல்கிறேன். மிக்சர்தான் முதலிடம். மெல்லிய அவலை 150 டிகிரியில் 8 நிமிடம் வைத்தால் நொறுங்கும் பதம் வந்துவிடும். நிலக்கடலையை 160 டிகிரியில் தனியாக வறுத்து எடுங்கள். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தாளித்துக் கொட்டிக் கிளறினால் ஒரு பெரிய டப்பா நிறையும். பொரித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்தது தட்டை. மெல்லிசாக இருப்பதால் ஓவனுக்கென்றே பிறந்தது. இரண்டு தாளுக்கு நடுவே வைத்துக் கனமில்லாமல் தட்டி, முள்கரண்டியால் குத்திவிடுங்கள், உப்பாது. கடலை மாவில் செய்யும் காராசேவு, ரிப்பன் பக்கோடாவும் சுமாருக்கு மேலேயே வரும். ஓமப்பொடி மெல்லிய நூலாக இருப்பதால் கண்மூடித் திறப்பதற்குள் கருகும், அடுப்படியை விட்டு நகராதீர்கள்.

மெதுவடையை ஓவனில் வைக்காதீர்கள். பன் ரொட்டி மாதிரி வரும். பணியாரச் சட்டியில் குழிக்கு அரைக் கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டெடுங்கள், வடைக்கு அதுதான் மரியாதை.

பிடோக்கிலிருந்து: சீடை?

வேண்டாம். உருண்டை, நடுவே சூடு போகாது. கோகுலாஷ்டமிக்குக் கொஞ்சமாகப் பொரித்துச் சாமிக்குப் படைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். மாவைச் சலித்து, உருட்டியதைத் துணியில் ஆறப்போட்டால் வெடிப்பது குறையும்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. ஓவன் முறுக்கு என்றால் அவர் தாராளமாகச் சாப்பிடலாம்தானே? கேழ்வரகு மாவில் செய்தால்?

தாராளமாக என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் தம்பி. எண்ணெய் குறைந்தால் கலோரி குறையும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. ஆனால் சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து, அது ஓவனில் எங்கும் போகாது. சொல்லப்போனால் கொழுப்பு செரிமானத்தை மெதுவாக்கும், அதைக் குறைத்ததால் சர்க்கரை நல்லபடியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. "எண்ணெய் இல்லையே" என்று இரண்டு சாப்பிடுகிறவர் ஆறு சாப்பிடுவதுதான் எனக்குப் பயம்.

கேழ்வரகில் வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், சரி. அதுவும் மாவுதான். அரிசி மாவில் பாதியைக் குறைத்துப் பொட்டுக்கடலை, கடலை மாவைக் கூட்டுவது அதைவிட உருப்படியான வழி. அப்பாவுக்கு இரண்டு முறுக்கு, கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று கொடுங்கள். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும். மாத்திரை, இன்சுலின் விஷயமெல்லாம் அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உட்லண்ட்ஸிலிருந்து: வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் நல்லது என்கிறார்கள். அம்மா காலத்தில் டால்டா போடுவார்களே?

தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில் பாதிதான். வாசனைக்காக ஒரு கரண்டி விடுங்கள், ஆரோக்கியத்துக்காக என்று விடாதீர்கள். கொழுப்பைப் பற்றிக் கவலை என்றால் வெண்ணெயில் பாதியைக் கடலை எண்ணெயாகவோ கனோலாவாகவோ மாற்றுங்கள். முழுக்க எண்ணெய் என்றால் கரகரப்பு கொஞ்சம் குறையும். பழைய டால்டாவின் பிரச்சினை இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு. அதற்கு மூலமான, பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை சிங்கப்பூரில் 2021 ஜூன் முதல் தேதியிலிருந்தே தடை செய்துவிட்டார்கள். ஊரிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள்.

பொங்கோலிலிருந்து: உப்பு குறைத்தால் ருசியே இல்லை. என்ன செய்வது?

2022 கணக்குப்படி சிங்கப்பூரில் ஒருவர் சராசரியாக ஒரு நாளில் உட்கொண்ட சோடியம் 3,620 மில்லிகிராம். இருக்க வேண்டியது 2,000-க்குள், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி உப்பு. பண்டிகை நாளில் நாம் எங்கே நிற்போம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உப்பில் கால் பங்கைக் குறைத்து, மிளகு, சீரகம், ஓமம், பொடித்த கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். புளிப்புக்குக் கொஞ்சம் ஆம்சூர் (காய்ந்த மாங்காய்த் தூள்) சேர்த்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. சோடா உப்பிலும் சோடியம் உண்டு, முறுக்குக்கு அது தேவையே இல்லை. பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அங் மோ கியோவிலிருந்து: மகளுக்கு கோதுமை ஆகாது. அரிசி முறுக்கு என்பதால் பயமில்லைதானே?

பெருங்காயத்தைப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். தேக்கா சந்தையில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் படித்துவிட்டு, அரிசி மாவு கலந்ததாகத் தேடி வாங்குங்கள். மில்லில் அரைக்கிற மாவிலும் முன்னால் கோதுமை அரைத்திருக்கலாம்.

தெம்பனிஸிலிருந்து: சமோசா செய்ய மைதா மாவு பிசைய நேரமில்லை.

உறைபெட்டியில் விற்கும் ஸ்பிரிங் ரோல் தாள் போதும். மூன்றாக வெட்டி, பூரணத்தை ஈரமில்லாமல் வதக்கி ஆறவிட்டு மடியுங்கள். இரு பக்கமும் எண்ணெய் தடவி 190 டிகிரியில் 15 நிமிடம். சூடாகச் சாப்பிடுங்கள், ஆறினால் தோல் மாதிரி இழுக்கும்.

மீண்டும் ஈசூனிலிருந்து: மாமியார் "இதெல்லாம் முறுக்கா" என்கிறார். சமாளிப்பது எப்படி?

அவர் சொல்வது பாதி நியாயம். ஓவன் முறுக்கின் ருசி வேறு, பொரித்ததன் பெயரை வைத்துக்கொண்டு ஏமாற்ற வேண்டாம். முறுக்கை மாமியார் கையால் ஒரு கிலோவுக்குப் பொரிக்கட்டும். தட்டையும் மிக்சரும் உங்கள் ஓவனில். விருந்தாளி தட்டில் எல்லாவற்றையும் கலந்து வையுங்கள், சண்டைக்கு இடமிருக்காது.

பிடோக்கிலிருந்து இன்னொருவர்: இரண்டு நாளில் நமுத்துவிடுகிறது. பொரித்தது இப்படி ஆகவில்லையே?

எண்ணெய் குறைந்த பண்டம் நம்மூர்க் காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு குக்கீ வருமே, அந்தச் சிவப்பு மூடி டப்பா நல்லது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். ஒரே பெரிய டப்பாவில் போட்டால் விருந்தாளி வரும்போதெல்லாம் திறக்க வேண்டிவரும், சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். நமுத்தாலும் கவலையில்லை, 130 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி நொறுங்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் சுட்டால் போதும், அதற்கு முன்னால் அவசரம் வேண்டாம்.