எங்கே நின்று சுடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பை முலுண்டில் வசிக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. இரவில் கணினியில் பாய்மரக் கப்பல் போர் விளையாட்டு ஒன்றை விளையாடுகிறேன். இப்போது என்னிடம் ஃப்ரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்று இருக்கிறது. அதற்கு நீளக் குழல் பீரங்கிகளை வாங்குவதா, குட்டையான கேரனேடுகளை வாங்குவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. கேரனேடின் குண்டு பெரியது, சேதம் அதிகம், ஆனால் தூரம் போகாது. வெண்கலம் நல்லதா, இரும்பு நல்லதா? சங்கிலிக் குண்டுக்குப் பணம் செலவழிக்கலாமா? 9 ராத்தல் எடைக் குண்டைச் சுடும் பீரங்கிகளையெல்லாம் விற்றுவிட்டேன், அவை வெறும் பொம்மைகள். நீங்கள் கொங்கணக் கோட்டைகளைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். நம் மேற்குக் கடலில் கொள்ளைக்காரர்களின் படகுகள்தான் இருந்தன, கப்பல் பீரங்கிக்கு மரபே கிடையாது. ஆகவே வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

க., முலுண்ட்

அன்புள்ள க.,

உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் வேறு எங்காவது போய்விடுவேன்.

இரண்டையும் வாங்குங்கள். பிரதான தளத்தில் நீளக் குழல், அதற்கு மேலே திறந்த தளத்தில் கேரனேட். இது என் யோசனை இல்லை. 1817இல் நம் பம்பாய்க் கப்பல்துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தேக்கில் கட்டிக் கடலில் இறக்கிய 'டிரிங்கோமலி' போன்ற ஃப்ரிகேட்டுகளுக்கு வகுத்த ஏற்பாடே அதுதான்: பிரதான தளத்தில் 18 ராத்தல் நீளப் பீரங்கிகள், மேலே 32 ராத்தல் கேரனேடுகள். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. நீங்கள் தினமும் ரயிலேறி வந்து இறங்கும் ஊரில் செய்த கப்பல், தம்பி.

காரணம் கனம். 32 ராத்தல் குண்டைச் சுடும் நீளப் பீரங்கி ஏறத்தாழ மூன்று டன். 1770களில் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பு வார்ப்பு ஆலை கொண்டுவந்த குட்டைக் குழல் அதே குண்டைச் சுடும், எடையோ ஒரு டன்னைத் தொடாது. நீளக் குழலுக்குக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிமருந்து போடுவார்கள், கேரனேடுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அதனால்தான் அதை மேல்தளத்தில் வைக்க முடிந்தது. மேலே கனம் கூடி, கீழே அதைத் தாங்கும் பளு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஸ்வீடன்காரர்கள் 1628இல் பார்த்தார்கள். 64 பீரங்கிகளோடு புறப்பட்ட 'வாசா' முதல் பயணத்தில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரு காற்றுக்குச் சாய்ந்தது, பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்தது, மூழ்கியது.

எல்லாமே கேரனேடாக இருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அமெரிக்காவின் 'எசெக்ஸ்' அப்படித்தான் போனது. 32 ராத்தல் கேரனேடுகள் 40, நீளப் பீரங்கிகள் வெறும் ஆறு. அதன் தலைவர் போர்ட்டர் இது வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1814 மார்ச் 28 அன்று சிலியின் வால்பரைசோவுக்கு வெளியே சூறைக்காற்றில் அவருடைய நடுப் பாய்மரத்தின் மேல்பாதி முறிந்தது. ஆங்கிலேயரின் 'ஃபீபி' கேரனேட் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு நீளப் பீரங்கிகளால் அதை நிதானமாக உடைத்தது. எசெக்ஸின் குண்டுகள் எதிரிக்கு முன்னாலேயே கடலில் விழுந்தன. கிட்டே போக முடிந்தால்தான் கேரனேட் பீரங்கி. முடியாவிட்டால் அது கப்பலில் ஏற்றிய இரும்பு, அவ்வளவுதான்.

வெண்கலமா இரும்பா என்பது கஜானாவின் கவலை. உங்களிடம் இருப்பது விளையாட்டுக் காசு, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

மரபே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பம்பாய்க் கோட்டைப் பகுதியில் லயன் கேட் பக்கம் நடந்திருப்பீர்கள். அங்கே இருக்கும் கடற்படைத் தளத்துக்கு ஐஎன்எஸ் ஆங்ரே என்று பெயர். பலகையைப் படித்ததுண்டா? 1729இல் இறந்த மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் பெயர் அது. 1721இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து அலிபாக்கில் இருந்த அவருடைய கொலாபாக் கோட்டைமேல் படையெடுத்துத் தோற்றுத் திரும்பினார்கள். போர்ச்சுகீசியர் இந்தக் கடலில் கர்தாஸ் என்ற அனுமதிச் சீட்டை விற்றபோது அது ஆட்சி. ஆங்ரே தஸ்தக் என்ற சீட்டைக் கேட்டபோது அது கொள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகள் எழுதிவைத்ததை நீங்களும் ஒரு கணக்குப்பிள்ளையாக அப்படியே நகல் எடுத்திருக்கிறீர்கள்.

சரி, கோபம் போகட்டும். பீரங்கிக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் விற்றுவிட்ட அந்த 9 ராத்தல் பொம்மைகள் இங்கேதான் வருகின்றன.

ஆங்ரேயின் பெரிய கப்பலுக்கு குராப் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அதை விரிவாக வர்ணித்திருக்கிறார். இரண்டு பாய்மரம், சிலவற்றுக்கு மூன்று. அகலம் அதிகம், ஆழம் குறைவு. முன்பக்கம் மூக்குப்போல் நீண்டிருக்கும். அந்த மூக்கின் தளத்துக்குப் பக்கச் சுவர் கிடையாது, எதிர் அலை மோதினால் தண்ணீர் ஏறி அப்படியே வழிந்து போய்விடும். அதன் பின்னால் ஒரு தடுப்பு, தடுப்பில் இரண்டு துளைகள், துளைகள் வழியே முன்னோக்கி நீட்டிய இரண்டு பீரங்கிகள். 9 ராத்தல் அல்லது 12 ராத்தல். பக்கவாட்டில் இருந்தவை அதைவிடச் சிறியவை.

இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? காற்று இல்லாவிட்டால், நாற்பது ஐம்பது துடுப்புகள் கொண்ட கல்பத்து என்ற படகுகள் குராப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும். எதிரிக் கப்பலின் பின்புறத்தில் கூடுவார்கள். கவனியுங்கள், பின்புறத்தில். ஐரோப்பியக் கப்பலின் பீரங்கிகளெல்லாம் இரண்டு விலாவிலும் அடுக்கியிருக்கும். பின்னால் சுட அதனிடம் இருப்பது மிகச் சில. காற்று செத்த நேரத்தில் அது திரும்பவும் முடியாது. ஆங்ரேயின் ஆட்கள் அங்கே நின்று, எதிரியின் மூன்று பாய்மரங்களும் ஒன்றையொன்று மறைக்காமல் அடுத்தடுத்துத் தெரியத் தொடங்கும் கணத்துக்காகக் காத்திருந்து, பாய்மரங்களைக் குறிவைத்துச் சுட்டார்கள். ஒன்றுக்குத் தப்பிய குண்டு அடுத்ததில் விழும். மரங்கள் சாய்ந்த பிறகுதான் கிட்டே வந்து நாலாபுறமும் அடிப்பார்கள். அப்போதும் பணியாவிட்டால் கல்பத்துகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வாளோடு ஏறுவார்கள்.

50 பீரங்கிக் கப்பலுக்கு எதிரே இரண்டு சிறு பீரங்கி. ஆனால் அந்த இரண்டும் சுடும் இடத்தில் அந்த ஐம்பதில் பெரும்பாலானவை சுட முடியாது. நீங்கள் குண்டின் எடையைப் பார்த்து வாங்குகிறீர்கள். அவர்கள் நிற்கப் போகும் இடத்தை முதலில் தீர்மானித்தார்கள், அந்த இடத்துக்கு எது தேவையோ அதை வைத்தார்கள். சேத எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் உங்கள் விளையாட்டு இதைச் சொல்லித் தராது.

அது மறைக்கும் இன்னொன்றும் உண்டு. என் அப்பா பம்பாய்த் துறைமுகத்தில் கயிறு கட்டிப் பாரம் நகர்த்தும் கலாசியாக இருந்தவர். ஒருமுறை அவரை ஜஞ்சிராக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ராஜபுரியிலிருந்து பாய் கட்டிய படகில் போக வேண்டும். கலால் பாங்டி பீரங்கியின் பக்கத்தில் வழிகாட்டி நின்றுகொண்டு, இது வெயிலில் சூடாகாது, இத்தனை மைல் பாயும் என்று அளந்துகொண்டிருந்தார். கூட்டம் குழல்மேல் ஏறிப் படமெடுத்தது. அப்பா பீரங்கியின் வாயைப் பார்க்கவே இல்லை. குழலின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் குட்டை அச்சை உள்ளங்கையால் தடவினார். பிறகு பின்முனைக் குமிழைச் சுற்றி இரண்டு கைகளையும் வளைத்துப் பார்த்தார், கயிறு எங்கே விழும் என்று. வழிகாட்டியிடம் ஹிந்தியில் கேட்டார்: "பாய்வது இருக்கட்டும். இதைத் திருப்ப எத்தனை ஆள்?" வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

32 ராத்தல் நீளப் பீரங்கி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டும். சுட்டதும் அது பின்னால் பாயும். ஈரத் துடைப்பத்தால் உள்ளே இருக்கும் நெருப்புக் கங்குகளை அணைக்க வேண்டும், மருந்துப் பையைத் திணிக்க வேண்டும், குண்டு, அதன்மேல் அடைப்பு, பிறகு எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுத்து மூன்று டன்னை மறுபடியும் வாசலுக்கு நகர்த்த வேண்டும். ஆடும் தளத்தில், புகையில், காது கேளாமல். பெரும்பாலான கப்பல்களில் ஒரு பக்கத்துக்குத்தான் முழு ஆள் இருக்கும். இரண்டு பக்கமும் எதிரி வந்தால் அதே ஆட்கள் பிரிந்து ஓடுவார்கள். உங்கள் திரையில் இது 'மறுபடி ஏற்ற 40 நொடி' என்று ஒரு பட்டையாக நிரம்புகிறது. அந்தப் பட்டைக்குள் இருப்பவர்கள் என் அப்பாவின் ஆட்கள். அவர்களைத் தவிர்த்துவிட்டு எந்தப் பீரங்கி நல்லது என்று கேட்டால் என்ன சொல்வது?

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே வீர வரலாறு எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அந்த நோய் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. 1756 பிப்ரவரியில் விஜயதுர்க்கத்தில் கான்ஹோஜியின் மகன் துலாஜி ஆங்ரேயின் கப்பல்கள் கோட்டையடியில் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தபோது ஆங்கிலேய அட்மிரல் வாட்சன் உள்ளே நுழைந்தார். ஒரு கப்பலில் பற்றிய தீ மற்றவற்றுக்குப் பரவி மொத்தக் கடற்படையும் எரிந்தது. அந்த ஆங்கிலேயரை அழைத்து வந்து கூட்டுச் சேர்ந்தவர் பேஷ்வாதான். கட்டிக்கிடக்கும் குராப்புக்கு எதிரியின் பின்புறம் ஏது?

சங்கிலிக் குண்டு கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், பாய்மரத்துக்கும் கயிறுகளுக்கும்தான் அது. அப்படியே, விற்ற 9 ராத்தலில் இரண்டைத் திரும்ப வாங்கி, விளையாட்டு அனுமதித்தால் கப்பலின் மூக்கில் வையுங்கள். பெரிய கப்பல் ஒன்றின் பின்னாலேயே அரை மணி நேரம் சலிக்காமல் போய்ப் பாருங்கள். அனுமதிக்காவிட்டால் அதைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்களுக்கு நன்றாக எழுத வருகிறது.

கடிதம் வந்த நேரத்தைப் பார்த்தேன், அதிகாலை இரண்டரை. காலையில் அந்தக் கூட்டத்தில் ரயில் பிடித்து வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை. தூங்குங்கள்.