பொலிஸ், கோட்ஸ் செய்திகளுக்கான ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர், சொற்பட்டியலை மனப்பாடம் செய்தும் ஆங்கிலப் பேப்பரில் வரும் குற்றச் செய்திகள் விளங்கவில்லை என்கிறார். மட்டக்களப்பிலிருந்து நீதிமன்றச் செய்திகளை இரண்டு மொழியிலும் எழுதி அனுப்புகிறவன் நான். என் பதில்: பட்டியலைத் தூக்கி வையுங்கள். ஒரு வழக்கு எந்த வரிசையில் நகர்கிறதோ அந்த வரிசையில் படியுங்கள்.

முதலில் குற்றம். நாங்கள் களவு என்று பொதுவாகச் சொல்லிவிடுவதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் நிறுத்திய சைக்கிளை ஒருவன் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனால் தெஃப்ட். கல்லடிப் பாலத்தில் ஆளை மிரட்டிச் சங்கிலியை அறுத்தால் ரொபரி. வீடு உடைத்துப் புகுந்தால் பத்திரிகைகள் பேர்க்ளரி என்று எழுதும். 1883ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் அது ஹவுஸ் பிரேக்கிங். வினைச்சொல்லில்தான் அதிகம் பேர் வழுக்குவார்கள். ஸ்டீல் என்றால் பொருளைத் திருடுவது, ரொப் என்றால் ஆளிடமோ இடத்திலோ கொள்ளையடிப்பது. ஆகவே சைக்கிளை ரொப் பண்ண முடியாது, வங்கியைப் பண்ணலாம்.

அடுத்தது ஆள். பொலிஸ் பிடித்தவர் சஸ்பெக்ட், சந்தேகநபர். குற்றஞ்சாட்டி வழக்கு நடக்கும்போது அக்கியூஸ்ட், கோட்ஸ் தமிழில் எதிரி. குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் கொன்விக்ட். இந்தப் படியை மாற்றி எழுதினால் அது மொழிப்பிழையோடு நிற்காது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. ஆங்கிலச் செய்தியில் அலெஜ்ட், அதாவது செய்ததாகக் கூறப்படும், என்ற சொல் வரிக்கு வரி வருவதும் அதனால்தான்.

கைதானவரை வழமையாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து இரண்டு வழி: பெயில் என்றால் பிணை, ரிமாண்டட் என்றால் விளக்கமறியல். ஃபேர்தர் ரிமாண்டட் என்று கண்டால் விளக்கமறியல் நீடிப்பு. பிரித்தானியப் பத்திரிகை வாசிக்கிறவர்கள் கவனம், அங்கே ரிமாண்டட் ஒன் பெயில் என்றும் எழுதுவார்கள். ஆள் வீட்டில்தான் இருப்பார். பாரிய வழக்கென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை, அதாவது இன்டைட்மன்ட். கடைசியில் விடுதலை என்றால் அக்விட்டட்.

அமெரிக்கப் படங்களில் வரும் ஃபெலனி (பாரிய குற்றம்), டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரச தரப்பில் வழக்கு நடத்துபவர்) எல்லாம் எங்கள் கோட்ஸில் இல்லை, இப்போதைக்கு விடுங்கள். பிரித்தானியாவில் சட்டத்தரணிகளைப் பிரிக்கும் சொலிசிட்டர், பாரிஸ்டர் பிரிவும் அப்படித்தான். இங்கேயும் ஒரு காலத்தில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகை இருந்தது, அப்பப்பாவிடம் கேட்டால் சொல்வார். எழுபதுகளில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் அட்டர்னி அட் லோ, சட்டத்தரணி.

தலைப்பு ஆங்கிலம் தனி உலகம். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள், நாளை நடப்பதற்கு வினைச்சொல்லுக்கு முன்னால் வெறும் டு (to). ஹெல்ட் என்றால் கைது, ப்ரோப் என்றால் விசாரணை. வாஸ் (was), வேர் (were) எல்லாம் காணாமல் போய்விடும். அதனால் தலைப்பு விளங்காவிட்டால் மினக்கெடாமல் முதல் பந்திக்குப் போங்கள். யார், எங்கே, எப்போது என்பது அங்கே முழு வாக்கியமாக இருக்கும்.

பயிற்சிக்கு: தமிழ்த் தினகரனும் ஆங்கில டெய்லி நியூஸும் ஒரே லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பத்திரிகைகள். ஒரே கைதுச் செய்தி இரண்டிலும் வந்தால் தமிழை முதலில் வாசியுங்கள், அப்புறம் ஆங்கிலம். ஆசிரியர் தலையங்கத்தில் தொடங்க வேண்டாம், அது எனக்கே சில நாள் கஷ்டம்.