அரண்மனை எங்கே போனது?

கேள்வி: ஐயா, பிள்ளைகளோடு பர்மாவின் பழைய தலைநகரான பகான் போய் வந்தோம். இத்தனை நூற்றாண்டு ஆகியும் கோயில்கள் நிற்கின்றன. ராஜா குடியிருந்த அரண்மனை எங்கே? பழைய நகர மதிலின் தராபா வாசல் பக்கம் பார்த்த பொன் அரண்மனைதான் அதுவா?
– வாசகி ஒருவர், மோல்மேன்

பதில்: இல்லையம்மா. நீங்கள் பார்த்தது 2008-இல் திறந்த புதுக் கட்டடம். அதோடு திரும்பிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அசல் இடம் அதற்கு அருகிலேயே கிடக்கிறது.

அந்தக் காலத்துப் பகானில் செங்கல் சாமிக்கு, மரம் மனிதருக்கு. ராஜாவுக்கும் மரவீடுதான். தீயும் கரையானும் மழையும் மரத்தை விட்டுவைக்குமா? ஆனால் தூண் போனாலும் தூண் நின்ற குழி போகாது. 1990-களில் அங்கே தோண்டியபோது, உள்சுற்றில் செங்கல் அடுக்கிய குழிகள் வரிசையாக வெளிப்பட்டன. குழியின் அகலம் தூணின் பருமனைச் சொல்லும். வரிசையைத் தொடர்ந்து போனால் கூடத்தின் நீள அகலம் தெரியும்.

அது கியான்சித்தா மன்னரின் அரண்மனை என்கிறார்கள். அவர் 1101-1102-இல் அரண்மனை கட்டியபோது நடந்த சடங்குகளை ஒரு பெரிய கல்வெட்டு விவரிக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்து மோன் மொழியில்தான்! பிராமணர்கள் விஷ்ணுவுக்குப் பூசை செய்ததும் அதில் உண்டு.

மேலே இருந்தது போனாலும் மண்ணுக்குள் தடயம் தங்குவது இங்கிலாந்திலும் இப்படித்தான். யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற அழிந்த கிராமத்தை 1950 முதல் நாற்பது ஆண்டு தோண்டினார்கள். குடியானவர் வீடு என்று தோண்டிய இடத்தின் அடியில் 12-ஆம் நூற்றாண்டுப் பிரபுவின் மாளிகை நிலவறை இருந்தது. வீட்டின் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டியதால்தான் கீழே இருந்தது கிடைத்தது. கடப்பாரை போட்டிருந்தால் இரண்டும் கலந்து நாசமாகியிருக்கும்.

அதனால் அடுத்த முறை போகும்போது, பிள்ளைகள் அங்கே ஒரு செங்கல் துண்டைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்தை விட்டு நகர்ந்த கல் அப்புறம் ஒன்றும் சொல்லாது.

அப்படியே மதிலுக்குள் இருக்கும் நாட்லாங் சௌங் விஷ்ணு கோயிலுக்கும் போய் வாருங்கள். பகானை ஒட்டிய மியின்கபா கிராமத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலைமண்டலத்து (இன்றைய கேரளப் பக்கம்) குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த விண்ணகருக்கு, அதாவது விஷ்ணு கோயிலுக்கு, மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததை அதில் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார்.